கடைசி வள்ளத்தைத் தவறவிட்ட ஆபுத்திரன்

இருட்டு, பேய், சாபம், இரத்தம் நாலையும் கலந்து படக்கதைப் புத்தகம் போடுவதும், பிறகு அதையே தொலைக்காட்சித் தொடராக எடுப்பதும் அமெரிக்கர்கள் கண்டுபிடித்த தொழில் என்று எங்கள் இளந்தாரிகள் நம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமுடியாது. கார்த் என்னிஸ் எழுத, ஸ்டீவ் டில்லன் வரைய, 1995 முதல் 2000 வரை 66 இதழ்களாக வந்த ‘பிரீச்சர்’ படக்கதை அப்படிப்பட்டது. கடவுள் வேலையை விட்டுவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். அவரைத் தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்க ஒரு பாதிரியார் புறப்படுகிறார். கூடவே அவருடைய காதலி, துணைக்கு அயர்லாந்திலிருந்து ஓர் இரத்தக்காட்டேரி. இதைத் திரைக்குக் கொண்டுவரப் பலர் முயன்றார்கள். எச்.பி.ஓ. எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தது. கடைசியில் ஏ.எம்.சி. 2016-இல் தொடங்கி 2019 வரை நாலு சீசன் ஓட்டியது.

அதில் ஒரு தொழில் நுட்பம் உண்டு. ஆன்வில் என்ற டெக்சஸ் ஊரின் தேவாலயம், படக்கதையில் தொடக்கத்திலேயே சபையோரோடு சாம்பலாகிவிடும். தொலைக்காட்சிக்காரர்கள் அப்படி அவசரப்படவில்லை. ஊரை முதல் சீசன் முழுக்க உயிரோடு வைத்திருந்து, கடைசி அத்தியாயத்தில்தான் வெடிக்கவைத்தார்கள். ஊர் அழிந்தால் பார்க்கிறவன் அழவேண்டும், அழவேண்டுமென்றால் ஊர் அவனுக்குப் பழகியிருக்கவேண்டும். செட் போட்ட காசும் வசூலாகவேண்டும்.

இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வாருங்கள்.

பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவின் முனையில் இருக்கிறது குறிகட்டுவான். அங்கே வள்ளத்தின் அடித்தட்டில் குனிந்து இறங்கி, முன்னால் இருப்பவரின் முதுகில் முழங்கால் முட்ட உட்கார்ந்தால், காலாட்டுவதற்குள் நயினாதீவு வந்துவிடும். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இதுதான் என்று தீவார் அடித்துச் சொல்வார்கள். இல்லை, அது வேறு இடம் என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. வாதாடட்டும். அவர்களும் பந்தி போடும் நாளில் நயினாதீவுக்குத்தான் வள்ளம் ஏறுகிறார்கள்.

எங்களிடம் உள்ள சரக்கு ‘பிரீச்சரை’விட இருட்டானது. எழுதியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், அதாவது தானிய வியாபாரி. ஒரு தானிய முதலாளி முப்பது காதைக்குப் பசியைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஓர் அரிசி ஆலை முதலாளி பசிக்கொடுமை பற்றி வாய் திறந்தால், விலை ஏறப்போகிறது என்று சனம் கடைக்கு ஓடும். சாத்தனாரோ உண்மையாகவே உருகினார். அவர் உருகினால் நாடு தாங்காது. பிழையான பாட்டைக் கேட்டால் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வார் என்று ஒரு பழங்கதை உண்டு. தமிழ்த் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே அவர் காலமானது அவர் செய்த புண்ணியம்.

சாத்தனாரின் வியாபார மூளையையும் மெச்சவேண்டும். சிலப்பதிகாரம் வெற்றி. ஆனால் நாயகன் வெட்டுப்பட்டான், நாயகி விண்ணுக்குப் போனாள், மதுரை எரிந்தது. அடுத்த பாகத்துக்கு ஆள் இல்லை. சாத்தனார் மிச்சமிருந்தவர்களை எண்ணிப் பார்த்து, நாயகனுக்கு மாதவியிடம் பிறந்த பெண்ணைப் பிடித்தார். துணைப் பாத்திரத்தின் மகளை வைத்துத் தனித் தொடர் ஓட்டும் வித்தையை ஹாலிவுட் அவருக்குப் பின்னால்தான் கற்றது.

சினிமாக்காரர்கள் இதைத் தொடாமல் இல்லை. 1940-இல் கே.பி. சுந்தராம்பாள் மணிமேகலையாக நடித்தார். 1959-இல் பானுமதியையும் டி.ஆர். மகாலிங்கத்தையும் வைத்து இன்னொரு ‘மணிமேகலை’ வந்தது. இரண்டு தடவையும் பாட்டுப் பாடத் தெரிந்தவர்களையே பிடித்தார்கள். ஆனால் இந்தக் கதை மூன்று மணி நேரத்துக்குள் அடங்குகிற சாதி இல்லை. கதைக்குள் கதை, அதற்குள் முற்பிறப்பு, அந்த முற்பிறப்புக்குள் ஒரு சாபம் என்று போகும். தொடர்தான் இதற்குத் தோது.

ஒரு தயாரிப்பாளரிடம் இதைச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கொழும்பு ஆளோ ரொறன்ரோ ஆளோ, முதற்கேள்வி ஒன்றுதான்.

“அண்ணை, லவ் இருக்கோ?”

“இருக்குத் தம்பி. சோழ இளவரசன் உதயகுமரன் இவளுக்குப் பின்னாலேயே திரிவான்.”

“முடிவு?”

“இருபதாம் காதையிலை ஆள் வெட்டுப்பட்டுச் சாவான். இவள் தன்ரை உருவத்திலைகூட இல்லாத நேரத்திலை.”

“பேய்?”

“ஆறாம் காதையிலேயே வந்திடும்.”

“சண்டை?”

“கதிரைக்குச் சண்டை.”

தயாரிப்பாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். நாம் முதல் அத்தியாயத்தை எடுத்துவிடவேண்டியதுதான்.

புகார் நகரில் இந்திர விழா. மதம் பிடித்த யானையை அடக்கிய கையோடு தேரில் வருகிறான் உதயகுமரன். பூப்பறிக்க வந்த மணிமேகலை பளிங்கு அறைக்குள் ஒளிகிறாள். பளிங்கு அறைக்குள் ஒளிவது என்ன விதமான ஒளிவு என்று கேட்காதீர்கள், அவன் வெளியில் நின்றே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறான். விவகாரம் முற்றுவதைக் கண்ட மணிமேகலா தெய்வம், பெண்ணைத் தூங்கவைத்து, தூக்கிக்கொண்டு முப்பது யோசனை தெற்கே பறந்து, மணிபல்லவத்துக் கடற்கரையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பிள்ளைக்குப் பொருத்தமில்லாத பெடியன் பின்னால் திரிந்தால் மாமி வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் எங்களில் தெய்வங்களுக்கும் இருந்திருக்கிறது.

விழித்தெழுந்தவள் தோழி சுதமதியைக் கூப்பிட்டுக் கரையெல்லாம் அலைகிறாள். அப்போது கண்ணில் படுகிறது புத்த பீடிகை. இந்த ஆசனத்துக்காகத்தான் இரண்டு நாக அரசர்கள் அடிபட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தும் அது அசையவில்லை. மகாவம்சத்திலும் நாகதீபத்து மணியாசனச் சண்டை இருக்கிறது. அதில் மோதுகிறவர்கள் மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனும். புத்தர் நேரில் வந்துதான் விலக்குப் பிடிக்கவேண்டியிருந்தது. ஆக, இந்தத் தீவின் ஆதி நிகழ்வாக இரண்டு நூல்கள் சொல்வது சொந்தக்காரர்களின் கதிரைச் சண்டையை. எங்கள் ஊர்ச் சங்கங்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தலைவர் பதவிக்கு அடிபடும்போது யாரும் வெட்கப்படத் தேவையில்லை. மரபைக் காப்பாற்றுகிறார்கள்.

பீடிகையைக் கண்டதும் மணிமேகலைக்கு முற்பிறப்பு நினைவு வருகிறது. போன பிறப்பில் உதயகுமரன்தான் அவள் கணவன், நஞ்சுப் பாம்பின் பார்வை பட்டுச் செத்தவன். பிறகு தெய்வம் திரும்பி வந்து மூன்று மந்திரங்கள் தருகிறது. வானத்தில் பறக்கலாம், வேற்றுருவம் எடுக்கலாம், பசி தாங்கலாம். அமெரிக்கப் படக்கதை நாயகர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுவார்கள். மூன்றாவதைக் கேட்க ஒரு தானிய வியாபாரியின் கற்பனை தேவைப்பட்டது.

தீவுக்கு ஒரு காவற்காரி உண்டு. பெயர் தீவதிலகை, நியமனம் இந்திரனுடையது, சம்பள விபரம் காப்பியத்தில் இல்லை. அவள் சொல்கிறாள்: கோமுகிப் பொய்கையிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, வைகாசி விசாகப் பௌர்ணமியன்று, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரம் மேலே வரும். அந்த நாள் இன்றைக்குத்தான்.

“அண்ணை, வந்திறங்கின கிழமையே கிடைக்குதோ? சனம் நம்பாது” என்பார் தயாரிப்பாளர்.

நம்பாவிட்டால் போகட்டும். அந்தப் பாத்திரம் தண்ணீருக்குள் போன கதையைக் கேட்டால் அவரே வாயை மூடிவிடுவார்.

ஆபுத்திரன் பெற்ற தாய் விட்டுப்போன பிள்ளை. ஏழு நாள் பசுவின் பாலில் உயிர் தப்பியவன். வேள்விப் பசுவை அவிழ்த்துவிட்டதற்காக ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, மதுரையில் பிச்சை எடுத்து, எடுத்ததைக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றவன். சிந்தாதேவி அவன்மேல் இரங்கி அமுதசுரபியைக் கொடுத்தாள். அவன் எல்லோருக்கும் சோறு போட்டான். இந்திரனுக்குப் பொறுக்கவில்லை. கிழவன் வேடத்தில் வந்து, வரம் வேண்டுமா என்றான். ஆபுத்திரன் சிரித்துவிட்டான். தெய்வங்கள் எதையும் பொறுக்கும், சிரிப்பைப் பொறுக்காது. பன்னிரண்டு வருடம் பெய்யாத மழையை இந்திரன் பாண்டி நாட்டில் கொட்டினான். விளைச்சல் பெருகியது, பசித்தவன் இல்லாமற்போனான், சோறு போடுகிறவனுக்கு வேலையும் போயிற்று. உலக இலக்கியத்தில் நல்ல மழையால் நட்டப்பட்ட ஒரே நல்லவன் இவனாகத்தான் இருக்கவேண்டும்.

சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். காற்று ஒத்துவராமல் கப்பல் மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கியது. ஆபுத்திரன் சும்மா இறங்கி உலாத்தினான். இரவு காற்றுத் திரும்பியதும், ஆள் ஏறிவிட்டான் என்று நினைத்துப் பாயை விரித்துக்கொண்டு கப்பல் போய்விட்டது.

நயினாதீவுக்கு வந்து கடைசி வள்ளத்தைத் தவறவிட்டவர்களின் பட்டியலில் முதற்பெயர் இதுதான்.

இனித்தான் இருட்டு. கையில் வற்றாத சோறு, தீவில் சாப்பிட ஓர் ஆள் இல்லை. தனக்கு மட்டும் போட்டுச் சாப்பிட அவனுக்கு மனம் வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வெளியே வா, இரக்கமுள்ள யாராவது வந்தால் அவர்கள் கையில் சேர் என்று பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமற்கிடந்து செத்தான். உலகத்துக்கே சோறு போடக்கூடிய பாத்திரத்தை வைத்திருந்தவன் பட்டினியாற் செத்த தீவு எங்களுடையது. என்னிஸும் டில்லனும் இன்னும் 66 இதழ் போட்டாலும் இந்த இடத்துக்கு வரமாட்டார்கள்.

இதற்கு இரண்டாம் பாகமும் உண்டு. அவன் சாவகத்தில் மறுபடி பிறந்து புண்ணியராசன் என்ற அரசனாகிறான். மணிமேகலை அவனை மணிபல்லவத்துக்கு வரவழைக்கிறாள். புன்னை மரத்தடியில் மணலைத் தோண்டுகிறார்கள். வெள்ளை வெளேரென்று வருகிறது ஓர் எலும்புக்கூடு, அவனுடையதேதான். கிரீடம் வைத்த மனிதன் குழிக்கரையில் நின்று தன்னுடைய பழைய விலா எலும்பை எண்ணிப் பார்க்கலாம். அவன் மயங்காமல் இருந்தால்தான் புதினம். தீவதிலகை விடுகிறாளா? பக்கத்திலேயே இன்னும் ஒன்பது பேரின் எலும்புகளைக் காட்டுகிறாள். விட்டுப்போனவனைத் தேடித் திரும்பி வந்து, அவன் செத்ததைக் கண்டு, தாங்களும் பட்டினி கிடந்து செத்த வணிகர்கள். இவர்களும் உன்னாலேதானே செத்தார்கள், நீ கொலைகாரன் இல்லையா என்று அரசனைப் பார்த்தே கேட்கிறாள். அரச விருந்தினரை இப்படி வரவேற்ற சுற்றுலா வழிகாட்டி முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பேய் கேட்டாரே தயாரிப்பாளர், அதையும் கொடுத்துவிடுவோம். புகாரின் சுடுகாட்டுப் பக்கம் சக்கரவாளக்கோட்டம். சார்ங்கலன் என்ற பொடியன் இரவில் அந்த வழியே வந்து, பேய்மகள் ஒருத்தி பிணத்தின் தலையோடு கூத்தாடுவதைக் கண்டு, வீட்டுக்கு ஓடித் தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். தாய் கோதமி, பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காவற்தெய்வம் சம்பாபதியோடு சண்டை பிடிக்கிறாள். ஊரைக் காக்கிற தெய்வம் நீ என்றால் பிள்ளையைத் திருப்பித் தா. அது முடியாது என்கிறது தெய்வம். நீ சொன்னால் போதாது, மேலிடத்தைக் கூப்பிடு என்கிறாள் கோதமி. அண்டத்தில் உள்ள தேவர்கள் எல்லோரும் வந்து வரிசையாக நின்று, எங்களாலும் முடியாது என்று ஒத்துக்கொள்கிறார்கள். கடவுளைக் கேள்வி கேட்க அந்தப் பாதிரியாருக்கு நாலு சீசன் பிடித்தது. எங்கள் கோதமி ஒரே இரவில் முழுக் கூட்டத்தையும் கூட்டி வாக்குமூலம் வாங்கிவிட்டாள்.

ஆனால் பேய் இந்தக் கதையில் துணை நடிகைதான். வில்லன் பசி. காயசண்டிகையைப் பாருங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியை ஒரு முனிவர் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். இவள் தெரியாமல் மிதித்துவிட்டாள். சாபம்: பன்னிரண்டு வருடம் யானைத்தீ என்னும் அடங்காப் பசி. மணிமேகலை ஒரு பிடி சோற்றில் அதைத் தணித்து அனுப்பிவைக்க, அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் பறக்கும் வழியில், விந்தமலைக் காவல் தெய்வம் இழுத்து விழுங்கிவிடுகிறது. பசி தீர்ந்தவள் இன்னொன்றின் பசிக்கு இரையானாள். தயாரிப்பாளர் இந்த இடத்தில் தண்ணீர் கேட்பார். தீவில் அதுவும் இலேசில்லை. கோமுகியைக் காட்டி என்ன பயன்.

படப்பிடிப்புக்கு இடம் தேடி அலையவேண்டாம். இளவரசனுக்குக் குதிரை வேண்டுமென்றால் நெடுந்தீவு வெளியில் கட்டாக்காலியாகத் திரிகின்றன. அவை போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன வம்சம், சோழர் காலத்துக்கு ஒத்துவராது என்று யாராவது வரலாற்று ஆசிரியர் குறுக்கே வருவார். குதிரை பேசப்போவதில்லை, சமாளிக்கலாம். சிறைக் காட்சிக்கு ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடற்கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, பிறகு சிறையாகி, கிளர்ச்சித் தலைவர் ரோகண விஜேவீரவை 1971-இல் அடைத்துவைத்த கோட்டை. மணிமேகலை அரசனிடம் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். எங்கள் ஆட்கள் கடற்படையின் கையால் அதை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். காப்பியத்தில் கைதிக்குச் சோறு இலவசம், இங்கே விருந்தினருக்கு பில் வரும்.

நடுவில் ஒரு சிக்கல். இருபத்தேழாம் காதையில் பல சமயத்தவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து தங்கள் கொள்கையை விளக்குவார்கள். இருபத்தொன்பதாம் காதையில் பெரும்பகுதி தருக்க சாத்திரப் பாடம். இதை வெட்டச் சொல்வார் தயாரிப்பாளர். வெட்டட்டும். ஆனால் தமிழ்த் தொலைக்காட்சியில் இரவு ஒன்பது மணிக்கு எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் நிகழ்ச்சிக்கு ஆள் இருக்கும்போது, ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசும் விவாதத்தைச் சனம் புதினமாகவாவது பார்க்கும்.

சீசன் முடிவுக்கு ஆன்வில் பாடம் உதவும். புகார் நகரத்தை முதல் அத்தியாயத்திலிருந்து விழாவும் வெளிச்சமுமாகக் காட்டிக்கொண்டே வரவேண்டும், ஏனென்றால் அதைக் கடல் கொள்ளப்போகிறது. காரணமும் மணிபல்லவத்திலேயே இருக்கிறது. சோழனுக்கும் நாக இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தையை, இந்தத் தீவின் கரையில் வைத்துத்தான் கம்பளச்செட்டியின் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அன்றிரவே கப்பல் உடைந்தது. பிள்ளையைத் தேடி அலைந்த சோழன் இந்திர விழாவை மறந்தான். விழாவை மறந்த ஊர் மீது மணிமேகலா தெய்வத்தின் சாபம் விழுந்தது. அலை வந்து தலைநகரத்தையே கொண்டுபோயிற்று.

இந்தக் கடலில் கப்பல் உடைவது பிற்காலத்திலும் பெரிய விவகாரமாகத்தான் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் தமிழிலேயே ஒரு கல்வெட்டு வைத்தான். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்துறைக்கு, வரவேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. உடைந்த கப்பலிலும் கணக்குப் பார்த்த நேர்த்தியை மெச்சத்தான் வேண்டும். அரச குழந்தைகளுக்கு என்ன பங்கு என்று கல்வெட்டு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சோழன் கணக்கைத் தீர்த்துவிட்டு விழாவுக்கு வந்திருப்பான், புகாரும் தப்பியிருக்கும்.

எடுக்கப்போகிறவர்களுக்கு என் ஆலோசனை ஒன்றுதான். பாம்புக்கும் பேய்க்கும் கம்ப்யூட்டரில் காசைக் கொட்டாதீர்கள். ஆபுத்திரன் பாத்திரத்தோடு தனியே நிற்கும் அந்த ஓர் இரவுக்குச் செலவழியுங்கள். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேய்க்குப் பயப்படாத அவர்கள், வெறும் பானையைக் காட்டினால் பயப்படுவார்கள்.

தொடர் வராவிட்டாலும் நட்டமில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்குப் பெயரே அமுதசுரபி. ஆனி மாதத் திருவிழா பதினாறு நாளும் அங்கே பந்தி நடக்கும். சாதி, ஊர், தொழில் ஒன்றும் கேட்காமல், உட்கார்ந்தவரின் முன்னால் சோற்று வாளியும் கறி வாளியும் அகப்பையோடு வந்து நிற்கும். போதும் என்று கையை மறித்தாலும் ஓர் அகப்பை கூடத்தான் விழும். போய்ச் சாப்பிடுங்கள். ஆனால் தீவில் கால் வைத்த உடனேயே, கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு என்று ஓட்டியிடம் கேட்டுவையுங்கள்.